மூக்கு அறிந்த வீடு

வீட்டுக்கு வந்த முதல் நாளில் குட்டி முயல் பெரும்பாலும் அசைவதே இல்லை. கூடையைத் திறந்து தரையில் விட்டால் ஒரு மூலையைத் தேடிப் போய், காதுகளை முதுகோடு ஒட்ட மடித்து, உடலைச் சுருக்கி உட்கார்ந்துவிடும். குழந்தைகள் ஆசையாகத் தடவுவார்கள். அது எதிர்ப்புக் காட்டாது. “எவ்வளவு சாது பாருங்கள்” என்பார்கள் பெரியவர்கள். அந்த நேரத்தில் அதன் விலாவை உற்றுப் பார்த்தால் உண்மை தெரியும். மூச்சு வேகவேகமாக ஏறி இறங்கும். கண்கள் அகல விரிந்திருக்கும். உள்ளே இதயம் நிமிடத்துக்கு 200 முறைக்கு மேல் அடித்துக்கொண்டிருக்கும்.

இரையாகப் பிறந்த உயிருக்கு அசையாமை முதல் தற்காப்பு. பருந்தும் நரியும் அசையும் இரையை எளிதில் கண்டுகொள்கின்றன. எனவே தெரியாத இடத்தில் விழித்துக்கொண்ட குட்டி கல்லாகிப் போகிறது. நாம் சாதுத்தனம் என்று நினைப்பது அச்சம்.

இந்த அச்சத்தைப் போக்க என்ன செய்யலாம்? இந்தக் கேள்விக்கு முயலின் உயிரியலிலேயே விடை இருக்கிறது. குட்டி முயல் தன் வீட்டைக் கண்ணால் அறிவதற்கு முன்பே மூக்கால் அறிகிறது. அதன் வயிறும் அச்சமும் அந்த மூக்கோடு கட்டுண்டவை. பழகிய வாசனையும் பழகிய உணவும் தொடர்ந்தால் அது சீக்கிரம் நிலைகொள்ளும். இரண்டையும் ஒரே நாளில் பறித்துவிட்டு எத்தனை செல்லம் கொடுத்தாலும் பயனில்லை.

இருட்டு வளையில் முதல் பாடம்

இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் முயல்கள் எல்லாம், அவை எந்த நிறமானாலும் எந்த அளவானாலும், ஐரோப்பிய முயல் என்ற ஒரே இனத்தின் வழிவந்தவை. அந்த இனத்தின் தாயகம் இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பம். நம் ஊர்க் காடுமேடுகளில் ஓடும் கருங்கழுத்து முயல் வேறு வகை. அது வளை தோண்டுவதில்லை. புல்புதரில் குட்டி போடும். அதன் குட்டிகள் முடியோடும் திறந்த கண்களோடும் பிறந்து, கொஞ்ச நேரத்திலேயே நகரத் தொடங்கிவிடும். ஐரோப்பிய முயலின் குட்டியோ முடியில்லாமல், கண் திறக்காமல், காது கேளாமல் பிறக்கிறது. வயலில் கண்ட முயல் குட்டியை எடுத்துவந்து வளர்ப்பவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். அது வளர்ப்புக்கு உரியதன்று. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிடிப்பதைத் தடை செய்கிறது.

வளர்ப்பு முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். ஈனுவதற்கு முன் தாய் தன் வயிற்று முடியைப் பிடுங்கிப் படுக்கை அமைக்கிறது. ஈன்ற பிறகு குட்டிகளோடு அது படுத்திருப்பதில்லை. நாளைக்கு ஒரே ஒரு முறை வந்து, மூன்று நான்கு நிமிடம் பாலூட்டிவிட்டுப் போய்விடும். காட்டில் இது அறிவுள்ள ஏற்பாடு. தாய் அடிக்கடி வந்துபோனால் நரிக்கும் கீரிக்கும் வளை எங்கே என்று காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

கண் திறக்காத குட்டி அந்த மூன்று நிமிடத்துக்குள் முலைக்காம்பைக் கண்டுபிடித்து ஒரு நாளுக்கான பாலைக் குடித்தாக வேண்டும். தவறினால் அடுத்த வேளை மறுநாள்தான். வழிகாட்டுவது வாசனை. பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் பெனுவா ஷால் தலைமையிலான குழு 2003இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, முயல் பாலில் உள்ள 2-மெத்தில்பியூட்-2-ஈனல் என்ற ஒரே ஒரு வேதிப்பொருளே குட்டிகளைத் தலையைத் துழாவிக் காம்பைக் கவ்வ வைக்கிறது என்று காட்டியது. தாயே அருகில் இல்லாதபோதும், அந்தப் பொருள் தடவிய கண்ணாடிக் குச்சியைக் குட்டிகள் பாய்ந்து கவ்வின.

வாசனையின் பாடம் இதோடு முடிவதில்லை. ஹங்கேரிய ஆய்வாளர் வில்மோஷ் ஆல்ட்பெக்கரும், அவரோடு ராபின் ஹட்சனும், அவர்களுடைய குழுவினரும் 1990களில் சினை முயல்களுக்கு ஜூனிப்பர் என்ற வாசனைச் செடியைத் தின்னக் கொடுத்தார்கள். அந்தத் தாய்களின் குட்டிகள் தாமாகத் தின்னத் தொடங்கியபோது, அதுவரை கண்ணால் பார்த்திராத ஜூனிப்பரைத் தேடித் தின்றன. தாய் தின்றதன் வாசனை கருப்பையிலும், பாலிலும், தாய் படுக்கையில் விட்டுச்செல்லும் புழுக்கைகளிலுமாக மூன்று வழிகளில் குட்டியை எட்டுகிறது. மூன்றில் எந்த ஒரு வழி மட்டும் இருந்தாலும் போதும், குட்டி கற்றுக்கொண்டுவிடும்.

ஆகவே உங்கள் கூடைக்குள் வரும் குட்டி வெற்றுப் பலகையாக வருவதில்லை. எது பாதுகாப்பான உணவு, எது தன் கூட்டத்தின் வாசனை என்ற அறிவோடு வருகிறது. குட்டியைத் தருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை பற்றியது ஆகாது. “தாய் என்ன தின்கிறது? குட்டி இப்போது என்ன தின்கிறது?” என்று கேளுங்கள். அதே தீவனத்தில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய படுக்கையிலிருந்து ஒரு பிடி புல்லையும் கேட்டு வாங்கிப் புதிய பெட்டிக்குள் போடுங்கள். நமக்கு அது அழுக்குப் புல். குட்டிக்கு அந்தப் புதிய உலகத்தில் தெரிந்த ஒரே பொருள் அது.

வயிற்றுக்குள் ஓர் ஊர்

சந்தையில் உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிகளுக்குத்தான் கிராக்கி. அந்த அளவில் அழகு இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. குட்டிகள் பிறந்து மூன்றாம் வாரத்தில் புல்லைக் கடித்துப் பார்க்கத் தொடங்கும். நான்கைந்து வாரத்தில் பால்குடி நிற்கும். ஆனால் வயிறு அந்த மாற்றத்துக்குப் பழக மேலும் சில வாரம் பிடிக்கும். எட்டு வாரம் ஆகும்வரை தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருப்பது நல்லது.

முயலின் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் சீக்கம் என்ற பெரிய பை இருக்கிறது. மொத்த உணவுப்பாதையின் கொள்ளளவில் ஏறத்தாழ 40 சதவீதம் அது. புல்லின் நாரைச் சிதைக்கும் நொதிகள் முயலிடம் கிடையாது. அந்த வேலையைச் செய்வது சீக்கத்துக்குள் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். இட்லி மாவைப் புளிக்கவைப்பது போன்ற காரியம் இது. சரியான பொருளும் சரியான சூடும் இருந்தால் மாவு பொங்கும். வேறு எதையாவது கலந்தால் கெட்டுப்போகும்.

அங்கே நொதித்த கூழ், சளி பூசிய சிறு மணிகளாக, திராட்சைக் கொத்துப் போல வெளிவரும். முயல் குனிந்து அதைத் தன் உடலிலிருந்தே நேராக வாயில் எடுத்து விழுங்கிவிடும். மோரோ என்ற பிரெஞ்சு கால்நடை மருத்துவர் 1882இலேயே இதை விவரித்திருக்கிறார். புரதமும் பி வகை வைட்டமின்களும் இப்படித்தான் அதற்குக் கிடைக்கின்றன. இதைப் பார்த்து அருவருத்துத் தடுக்கக் கூடாது. நாம் பெருக்கித் தள்ளும் உருண்டையான உலர்ந்த புழுக்கை வேறு, இது வேறு.

பால்குடிக் குட்டியின் சீக்கத்தில் இந்த நுண்ணுயிர்க் கூட்டம் இன்னும் சரியாக அமைந்திருக்காது. அது தாயின் புழுக்கையைத் தின்றுதான் முதல் குடியேறிகளைப் பெறுகிறது. அதுவரை தாய்ப்பாலில் உள்ள சில கொழுப்பு அமிலங்கள் கெட்ட கிருமிகளைத் தள்ளிவைக்கின்றன. பாலை நிறுத்தி, தாயிடமிருந்து பிரித்து, அதே நாளில் தீவனத்தையும் மாற்றினால் மூன்று அடிகளும் ஒன்றாக விழுகின்றன. புதிதாக வந்த குட்டிகள் முதல் வாரத்திலேயே கழிச்சல் கண்டு சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காக்சிடியா என்ற ஒட்டுண்ணியும் இந்தச் சமயம் பார்த்துப் பெருகும்.

எனவே முதல் வாரம் பழைய தீவனம் மட்டுமே. அதன்பின் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பத்து நாளில் முழுதாக மாற்றலாம். அடிப்படை உணவு எப்போதும் புல். உலர்ந்த புல் இரவும் பகலும் தட்டாமல் இருக்க வேண்டும். அருகம்புல், கொழுக்கட்டைப்புல் போன்றவற்றை மருந்து தெளிக்காத இடத்தில் அறுத்து, கழுவி, ஈரம் வடிய வைத்துக் கொடுக்கலாம். குதிரை மசாலில் புரதமும் கால்சியமும் கூடுதல். வளரும் குட்டிக்கு ஏற்றது, ஆறு மாதத்துக்குப் பிறகு குறைத்துவிட வேண்டும். வைக்கோல் படுக்கைக்கு ஆகும், உணவுக்குப் போதாது. கேரட்டில் சர்க்கரை அதிகம். அதை எப்போதாவது ஒரு சிறு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிஸ்கட், சோறு, மாட்டுப்பால் மூன்றும் வேண்டாம்.

புல் வயிற்றுக்கு மட்டும் வேலை செய்வதில்லை. முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். மென்று தேய்க்காவிட்டால் வளைந்து நீண்டு வாயையே மூடவிடாது.

தண்ணீரை ஒரு கனமான மண் சட்டியில் வையுங்கள். குழாய்ப் புட்டியில் ஒவ்வொரு சொட்டாக நக்குவதைவிட அகன்ற பாத்திரத்தில் அது நிறையக் குடிக்கும்.

அச்சம் குடலை நிறுத்தும்

அச்சமும் வயிறும் கட்டுண்டவை என்று முன்பே சொன்னோம். ஆபத்தைக் கண்டால் உடல் அட்ரினலினைப் பாய்ச்சும். ரத்தம் தசைகளுக்குத் திரும்பும். குடலின் அசைவு மந்தமாகும். மனிதர்களுக்கும் இது நடக்கிறது. ஆனால் முயலின் குடல் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது. அது நின்றால் சீக்கத்தில் நல்ல நுண்ணுயிர்கள் நலிந்து, வாயு உண்டாக்குபவை தலையெடுக்கும். வயிறு உப்பும், வலியால் முயல் மேலும் தின்ன மறுக்கும், குடல் மேலும் நிற்கும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது.

இதனால்தான் முயல் வளர்ப்பில் ஒரு விதியை மனப்பாடமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்: 12 மணி நேரம் எதுவும் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அது அவசர நிலை. மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. முதல் நாள் இரவு படுக்கப் போகும் முன்பும், விடிந்ததும் புழுக்கையைப் பாருங்கள். பட்டாணி அளவில் உருண்டையாக, விரலால் நசுக்கினால் உள்ளே புல் தூள் தெரிகிறதா? நல்லது. சிறுத்து, கறுத்து, எண்ணிக்கை குறைந்திருக்கிறதா? குட்டி அஞ்சியிருக்கிறது அல்லது தின்னவில்லை. நீர்த்துப் போயிருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்டிலுள்ள மனித மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். அமாக்சிசிலின் போல நமக்குப் பழகிய ஆன்டிபயாடிக்கை வாய்வழியாகக் கொடுத்தால் சீக்கத்தின் நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறந்துவிடக்கூடும். நாய்க்குத் தெளிக்கும் உண்ணி மருந்தில் பிப்ரோனில் இருந்தால் அதுவும் முயலுக்கு நஞ்சு.

சிறுநீர் செந்நிறமாக வந்தால் மட்டும் பதற வேண்டாம். தின்ற இலைகளின் நிறமிகளால் அது ஆரஞ்சு முதல் செம்பழுப்பு வரை மாறுவது இயல்பு. குட்டி நன்றாகத் தின்று திரிகிறது என்றால் ஓரிரு நாளில் நிறம் தெளிந்துவிடும். சிறுநீர் போக முக்கினாலோ, சிவப்பு திட்டுத்திட்டாக இருந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இடம் ஒதுக்குதல்

முதல் சில நாளுக்கு முழு வீடும் வேண்டாம். ஓர் அறையின் ஒரு மூலை போதும். சமையலறையிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் தள்ளியிருக்கட்டும். குக்கர் விசிலும் மிக்ஸியின் இரைச்சலும் நமக்குப் பழகியவை. நமக்குக் கேட்காத கீச்சொலிகளையும் கேட்கும் காதுக்கு அவை பேரிடி.

நாலாபக்கமும் கம்பி தெரியும் கூண்டைவிட, தடுப்பு கட்டிய மூலையில் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைப்பது மேல். பெட்டிக்கு எதிரெதிரே இரண்டு வாசல் வெட்டுங்கள். வளை தோண்டும் உயிர் ஒற்றை வாசலை நம்புவதில்லை. பாம்பு ஒரு வழியில் நுழைந்தால் மறு வழியில் தப்ப வேண்டும். தரை கம்பி வலையாக இருக்கக் கூடாது. முயலின் பாதத்தில் நாய் பூனைக்கு இருப்பது போன்ற மெத்தைச் சதை இல்லை, முடி மட்டுமே உண்டு. கம்பியில் நின்றால் குதிகால் புண்ணாகிவிடும். வழுக்கும் டைல்ஸ் தரையில் கால் விரியும். கோணிச் சாக்கோ கோரைப்பாயோ விரித்தால் ஊன்றி நிற்கும். மின்கம்பிகளை எட்டாத உயரத்தில் கட்டிவிடுங்கள்; அதன் பல்லுக்கு அவை வேர்கள்.

பெரும்பாலான குட்டிகள் ஓரிரு நாளில் ஒரு மூலையைக் கழிப்பிடமாகத் தேர்ந்துகொள்ளும். அங்கே ஒரு தட்டில் செய்தித்தாள் போட்டு, மேலே புல் பரப்பி வைத்தால் போதும். தட்டை மாற்றும்போது பழைய புல்லில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். பினாயில் போட்டுத் துடைக்க வேண்டாம். அதன் நெடி மூச்சுக்குழாயை எரிக்கும்; குட்டி தன் இடம் என்று விட்ட வாசனையையும் அழித்துவிடும். வெந்நீரும் கொஞ்சம் வினிகரும் சிறுநீர்க் கறையைப் போக்கப் போதும்.

குளிப்பாட்டவும் வேண்டாம். நனைந்த முடி சீக்கிரம் காயாது. குட்டி குளிரில் விறைத்துப்போகும். பயத்திலேயே உயிரை விடவும் கூடும். அது தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்.

தமிழ்நாட்டு வெயில்

கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட் வகை முயல்களை வளர்க்கிறது. அந்தக் குளிர் முயலுக்கு ஏற்றது. சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் வாங்கும் குட்டியின் நிலை வேறு. முயலுக்கு வியர்க்காது, நாயைப் போல இளைத்து வெப்பத்தைத் திறமையாக வெளியேற்றவும் தெரியாது. உடல் சூட்டை வெளியேற்றும் முக்கிய வழி காதுகள். மெல்லிய அந்தத் தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் விரிந்து சூட்டைக் காற்றில் விடுகின்றன. சுற்றுப்புற வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் இந்த வழி திணறத் தொடங்கும்.

மொட்டை மாடியும் தகரக் கொட்டகையும் கூடவே கூடாது. படுக்கவைத்த பெரிய மண்பானை நல்ல தஞ்சம்: உள்ளே இருட்டு, தொட்டால் குளிர்ச்சி. பானையின் வெளிப்புறத்தில் ஈரச் சாக்கைப் போர்த்தலாம். உறைந்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைத்தால் வேண்டும்போது சாய்ந்துகொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, மூக்கைச் சுற்றி நனைந்திருந்தாலோ, காது கொதித்தாலோ சாதாரணத் தண்ணீரால் காதுகளை நனைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். புதிய குட்டியைக் கொண்டுவருவதானால் விடிகாலைப் பயணமே நல்லது.

கை பழகுவது

வளர்ப்பு முயல், காட்டு முயலின் மூளையை அப்படியே சுமந்து வரவில்லை. 2018இல் வெளியான ஒரு ஸ்கேன் ஆய்வு, அச்சத்தைக் கையாளும் அமிக்டலா வளர்ப்பு முயலில் சிறுத்திருப்பதையும், அச்சத்தை அடக்கும் முன்மூளைப் பகுதி பெரிதாகியிருப்பதையும் காட்டியது. தலைமுறை தலைமுறையாக மனிதனோடு வாழ்ந்ததன் தடம் அது. அதற்கு மேல் ஒவ்வொரு குட்டியின் சொந்த அனுபவமும் இருக்கிறது. ஆல்ட்பெக்கர் குழுவினரின் இன்னொரு ஆய்வில், பிறந்த முதல் வாரத்தில், பாலூட்டும் வேளையை ஒட்டி மனிதக் கை பட்ட குட்டிகள் பிறகு மனிதரைக் கண்டு ஓடவில்லை. பாலின் நேரத்தில் மூக்கு விழித்திருக்கிறது. அப்போது வந்த வாசனை நட்பாகப் பதிகிறது.

குட்டி நம் கைக்கு வருமுன்பே அந்த முதல் வாரம் கடந்துவிட்டது. ஆனாலும் வாசனையும் உணவும் சேரும்போது நம்பிக்கை வளரும் என்ற விதி பின்னாலும் உதவும். விடியலிலும் அந்தி நேரத்திலும் முயல் இயல்பாகச் சுறுசுறுப்பாக இருக்கும். அப்போது தரையில் உட்காருங்கள். நின்றபடி மேலிருந்து நீளும் கை, அதற்குப் பருந்தின் இறக்கம். தலையின் இருபுறமும் கண்கள் இருப்பதால் ஏறத்தாழ முழு வட்டத்தையும் அதனால் பார்க்க முடியும். மூக்குக்கு நேர் முன்னே மட்டும் ஒரு குருட்டு இடம் உண்டு. கையை மூக்குக்கு நேரே நீட்டாமல், பக்கவாட்டில், தரையோடு வையுங்கள். அதில் இரண்டு கொத்தமல்லித் தண்டு இருக்கட்டும், அதுவும் முன்பே தின்று பழகியிருந்தால். சென்ட், சோப்பு வாசனை வேண்டாம். குட்டி வந்து முகர்ந்துவிட்டு ஓடும். மறுபடி வரும். பிடிக்காதீர்கள். ஓடலாம், யாரும் தடுக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் அது தங்கத் தொடங்கும். தடவுவதானால் நெற்றியிலிருந்து தொடங்குங்கள்.

தூக்க வேண்டியிருந்தால் ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்னங்கால்களையும் பிட்டத்தையும் தாங்கியபடி, உடலை உங்கள் மார்போடு அணைத்துத் தூக்குங்கள். முயலின் எலும்புக்கூடு உடல் எடையில் 8 சதவீதம் அளவுதான். பின்னங்கால் தசையோ மிகவும் வலுவானது. பிடி தளர்ந்து அது உதறினால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. மல்லாத்திப் போட்டால் அசையாமல் கிடப்பதைத் தூக்கம் என்று சிலர் வேடிக்கை காட்டுகிறார்கள். அது இரைவிலங்கின் கடைசி நாடகம். எதிரியின் வாயில் அகப்பட்ட முயல் அப்படித்தான் கிடக்கும். குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். பத்து வயதுக்குட்பட்டவர்கள் தரையில் உட்கார்ந்து பழகட்டும், தூக்குவது பெரியவர்கள் வேலையாக இருக்கட்டும்.

தாடை தடவும் நாள்

ஒரு நாள் குட்டி பெட்டியை விட்டு வெளியே வந்து, தடுப்பின் முனையில், தண்ணீர்ச் சட்டியின் விளிம்பில், உங்கள் செருப்பின் மேல் தாடையை ஒரு முறை உரசிவிட்டுப் போகும். பார்த்தால் எதுவும் ஒட்டியிருக்காது. முயலின் தாடைக்கடியில் உள்ள சுரப்பிகள் நம் மூக்குக்கு எட்டாத வாசனையைப் பூசுகின்றன. ஆஸ்திரேலியாவில் ரோமன் மிகிடோவிச் 1960களிலும் 70களிலும் இதை விரிவாக ஆராய்ந்தார். தன் சொந்த வாசனை உள்ள இடத்தில் முயலுக்குத் துணிவு கூடுவதை அவருடைய சோதனைகள் காட்டின.

இடம் அதன் மூக்குக்குச் சொந்தமாகிவிட்டது என்பதற்கு அதுவே முதல் சான்று. அதற்குப் பின் மற்ற அறிகுறிகளும் வரும்: பக்கவாட்டில் பொத்தென்று விழுந்து கால் நீட்டிப் படுக்கும், அந்தரத்தில் துள்ளி உடலைத் திருகிக் குதிக்கும், தடவும்போது பற்களை மெல்ல நறநறக்கும். அதே நறநறப்பு உரக்க, உடல் சுருங்கியபடி கேட்டால் அது வலி. பின்னங்காலால் தரையை ஓங்கி அடித்தால் எதையோ கண்டு எச்சரிக்கிறது என்று பொருள்.

இப்போது இடத்தை விரிக்கலாம், ஒரு நேரத்தில் ஓர் அறையாக. துணைக்கு இன்னொரு முயலைப் பற்றியும் யோசிக்கலாம். கூட்டமாக வாழும் உயிர் அது. ஆனால் நான்கு மாதத்திலேயே பருவம் வந்துவிடும் வகைகள் உண்டு, ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கவும் கூடும். எனவே மருத்துவரிடம் பாலினம் பார்த்து, கருத்தடை பற்றிப் பேசிவிட்டே ஜோடி சேர்க்க வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டு முதல் பத்து ஆண்டு வரை நம்மோடு வாழும் உயிர் அது. அத்தனை ஆண்டுக்கும் அடித்தளம் முதல் இரண்டு வாரத்தில் இடப்படுகிறது. அந்த நாள்களில் உணவை மாற்றாமலும், வாசனையை அழிக்காமலும், அது தானாக வரும்வரை கையை நீட்டாமலும் பொறுத்திருப்பவர்களுக்கு, மீதி ஆண்டுகளில் முயல் வளர்ப்பு எளிதாக அமையும்.